யாருடைய வீட்டுப்பாடம்?

நம்மில் பலருக்கு வீட்டில் சம்பளம் இல்லாத ஒரு வேலை இருக்கிறது. தம்பியோ தங்கையோ அக்கா பிள்ளையோ முதலாம், இரண்டாம் ஆண்டில் படித்தால், "நீதான் யூனிவர்சிட்டியில படிக்கிறியே, இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு" என்று அம்மா நம் பக்கம் தள்ளிவிடுவார். இரவு மணி ஒன்பதரை. பிள்ளைக்குத் தூக்கம். நமக்கு மறுநாள் அசைன்மெண்ட். ஐந்து கணக்கில் மூன்று தப்பு. "சரி விடு, நான் சொல்றேன், நீ எழுது." பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

இதில் என்ன தப்பு என்று கேட்டால், "பிள்ளை சோம்பேறியாயிடும்" என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அது சரியான பதிலாகத் தெரியவில்லை. காலையில் இருட்டோடு எழுந்து, பள்ளி முடிந்து, டியூஷனுக்கும் போய்வந்து தூங்கி விழும் ஏழு வயசுப் பிள்ளையைச் சோம்பேறி என்பது அநியாயம். நான் கேட்க நினைப்பது வேறு கேள்வி. அந்தப் பத்து நிமிஷத்தில் நாம் ஒரு பொய் சொல்லியிருக்கிறோமா? சொல்லியிருந்தால், யாரிடம்?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். என் அக்கா மகன் இரண்டாம் ஆண்டு. 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுவான். 64-இல் 38 போனால் 34 என்பான். 81-இல் 46 போனால் 45. மூன்றும் தப்பு. பார்த்தவுடனே "கவனமே இல்ல" என்று சொல்லத் தோன்றும். "எப்படிப் போட்ட?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். "பெரிய நம்பர்ல இருந்துதானே சின்ன நம்பரக் கழிக்கணும்? 2-லருந்து 7 போகாது. அதனால 7-லருந்து 2." அவன் சொன்னபடி மூன்று கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில்கூட அவன் தவறவில்லை. அவனிடம் ஒரு விதி இருக்கிறது, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறான். விதிதான் தப்பு. அதுவும் அவன் சும்மா கற்பனை செய்த விதி இல்லை. ஒற்றை இலக்கக் கழித்தல் படித்த காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. பல நாட்டுப் பிள்ளைகளிடமும் இதே தவறு வருவதைக் கணித ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள்.

இப்போது நான் "25-னு எழுது" என்றால் என்ன ஆகும்? தாளில் 25 இருக்கும், தலைக்குள் பழைய விதி அப்படியே இருக்கும். மறுநாள் ஆசிரியை சரி போடுவார். அந்த வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால், இவன் புத்தகத்தில் அவர் நிற்க எந்தக் காரணமும் இல்லை.

நம் நாட்டில் 2019 முதல் ஆண்டு 1-லிருந்து 3 வரை தேர்வு கிடையாது. பிபிடி எனப்படும் வகுப்பறை மதிப்பீடுதான். 2021-இல் யூபிஎஸ்ஆர் தேர்வும் எடுக்கப்பட்டது. பிள்ளை எந்த அளவுக்குக் கற்றிருக்கிறான் என்பதை ஆசிரியர் அன்றாட வேலைகளைப் பார்த்தே ஒன்றிலிருந்து ஆறு வரையிலான நிலைகளில் குறிக்கிறார். பழைய முறையிலாவது வருஷ முடிவில் பிள்ளை தனியாக உட்கார்ந்து எழுதும் ஒரு தாள் இருந்தது. வீட்டில் யார் என்ன செய்து கொடுத்திருந்தாலும் அன்றைக்கு உண்மை தெரிந்துவிடும். இப்போது சின்ன வகுப்பில் அந்த நாள் இல்லை. அதனால் புத்தகத்திலும் வகுப்பிலும் பிள்ளை காட்டுவதுதான் சாட்சி. அதில் பாதியை நாமே எழுதிக் கொடுத்தால்?

நான் படிப்பது பொறியியல் என்பதால் எனக்கு இது இப்படித்தான் தோன்றுகிறது. ஒரு கொதிகலனில் சூட்டை அளக்கும் சென்சார் இருக்கிறது. சூடு ஏறினால் அது சொல்லும், கட்டுப்பாட்டுக் கருவி எரிபொருளைக் குறைக்கும். யாரோ ஒருவர், எச்சரிக்கை விளக்கு எரிவது பார்க்க நன்றாக இல்லை என்று, சென்சார் எப்போதும் 'சரி' என்றே காட்டும்படி செய்துவிட்டார் என்று வையுங்கள். விளக்கு எரியாது. கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள், கொதிகலன் மட்டும் அவர்களுக்குச் சொல்ல வழியில்லாமல் சூடேறிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் தப்பு விடை அந்த விளக்கு. "டீச்சர், எனக்கு இது புரியல" என்று வாயால் சொல்லத் தெரியாத வயதில், பென்சிலால் அவன் அனுப்பும் தகவல் அது. அதை அழித்துவிட்டு 25 என்று எழுத வைக்கும்போது நாம் ஆசிரியரிடம் பொய் சொல்கிறோம். பிள்ளையின் கையாலேயே சொல்ல வைக்கிறோம் என்பது இன்னும் மோசம்.

"நல்லதுக்குத்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் பொய்க்கு ஓர் இடம் விட்டிருக்கிறார். ஆனால் அவர் போட்ட நிபந்தனை கடுமையானது. விளையும் நன்மையில் குறை இருக்கக்கூடாது. வீட்டுப்பாடப் பொய்யை அந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். நன்மை யாருக்கு? எனக்கு அரை மணி நேரம் மிச்சம். அம்மாவுக்கு மறுநாள் ஆசிரியையிடமிருந்து வாட்ஸ்அப் வராது. பிள்ளைக்கு? திட்டு விழாது, உண்மைதான். அதற்கு அவன் கொடுக்கும் விலை, மூன்றாம் ஆண்டில் பெரிய எண்கள் வரும்போது தெரியும்.

இந்த இடத்தில் எனக்குக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் நினைவுக்கு வருகிறது. பிறர் கடமையைச் சிறப்பாகச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையோடு செய்வதே மேல் என்ற கருத்தைக் கண்ணன் அங்கே சொல்கிறான். நாம் இதை வேலை, குலம், வாழ்க்கை என்று பெரிய விஷயங்களுக்கே பொருத்திப் பேசுவோம். ஏழு வயசுப் பிள்ளைக்கும் சுவதர்மம் உண்டு என்று நினைப்பதில்லை. கழித்தல் கணக்கு அவன் கடமை. அவன் குறையோடு போட்ட 35, நான் குறையில்லாமல் போட்ட 25-ஐவிட மேல் என்று சொன்னால் யாரும் சிரிக்கலாம். எனக்கென்னவோ அந்தக் கருத்து இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இடம் வேறு இல்லை என்றே படுகிறது.

அதற்காக உதவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. விஜயதசமியன்று கோயிலில் ஏடு தொடங்கும்போது பெரியவர்தான் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறார். கையைப் பிடிக்காமல் கல்வி தொடங்குவதே இல்லை. ஆனால் முதல் எழுத்துக்குப் பிடித்த கையை யாரும் ஆறாம் ஆண்டு வரை பிடித்துக்கொண்டிருப்பதில்லை. கழித்தல் கணக்குக்கும் பிடிப்பு வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி: 52. "இதுல இருந்து ஏழு குச்சி எனக்குக் குடு" என்று கேளுங்கள். பிள்ளை உதிரியைப் பார்ப்பான், இரண்டுதான் இருக்கும். கொஞ்ச நேரம் முழிப்பான். அந்தக் கொஞ்ச நேரம் நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். பிறகு அவனே ஒரு கட்டைப் பிரிப்பான். நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு போனால் ஐந்து. இரண்டு கட்டு போனால் இரண்டு. 25. 'கடன் வாங்குதல்' என்று நாம் சொல்லும் சமாச்சாரம் கடனே இல்லை, கட்டைப் பிரிப்பது என்று அவனுக்கு விரல்களில் தெரிந்துவிடும்.

மொழிப் பாடம் வந்தால் இன்னும் சுவாரசியம். நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே மூன்று மொழி படிக்கிறார்கள். சி, ஏ, டி என்ற மூன்று எழுத்து ஆங்கிலப் புத்தகத்தில் பூனை. அடுத்த பாடவேளையில் மலாய்ப் புத்தகத்தில் அதே மூன்று எழுத்தை 'சாட்' என்று வாசிக்க வேண்டும், பொருள் பெயிண்ட். ஏ, ஐ, ஆர் ஆங்கிலத்தில் காற்று, மலாயில் தண்ணீர். தமிழில் 'கெ' எழுதும்போது காதுக்குப் பிந்திக் கேட்கும் ஒலியின் குறி கைக்கு முந்தி வருகிறது. கொம்பைப் பின்னால் போடும் பிள்ளை, தான் கேட்ட வரிசைப்படி எழுதுகிறது. தொண்ணூறு என்ற சொல்லில் 'நூறு' போல ஒன்று கேட்கிறதே என்று குழம்பும் பிள்ளையையும் குறை சொல்ல முடியாது. இந்தத் தப்புகளுக்குப் பின்னால் யோசனை இருக்கிறது. அதைக் கேட்காமல் ரப்பரை எடுப்பது அந்த யோசனையை அவமதிப்பது.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். பாடம் தெரியாதவர்கள் சில நேரம் நம்மைவிட நன்றாக உதவுகிறார்கள். மலாய் சரளமாக வாசிக்க வராத அம்மாவால் விடையைச் சொல்லிக் கொடுக்க முடியாது. அதனால், "எனக்கு இது தெரியாதுப்பா, என்ன போட்டிருக்குன்னு நீ எனக்குச் சொல்லு" என்கிறார். பிள்ளை வாசித்து, தமிழில் விளக்கி, நடுவில் மாட்டிக்கொண்டு, திரும்பவும் முதலிலிருந்து வாசிக்கும். எத்தனையோ அம்மாக்கள், பாட்டிகள் "எனக்குப் படிப்பில்ல, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்" என்று கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் வேண்டியதில்லை. ஆபத்து நம்மைப் போல விடை தெரிந்தவர்களிடம்தான் அதிகம். இரண்டு வினாடியில் 25 நம் நாக்கு நுனியில் வந்து நிற்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு வீடு என் கண்முன் நிற்கிறது. அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், அப்பா லாரி ஓட்டப் போயிருக்கிறார். குச்சி கட்டி விளையாட அங்கே யாருக்கும் தெம்பில்லை. வீட்டுப்பாடம் முடிக்காமல் போனால் பிள்ளை வகுப்பில் நிற்க வேண்டியிருக்கும், அழும். அந்த அம்மா விடையைச் சொல்லி எழுத வைத்தால், "நீங்கள் பொய் சொல்லிவிட்டீர்கள்" என்று நான் போய் நிற்க மாட்டேன். உண்மையைச் சொல்வதற்கும் நேரமும் தைரியமும் வேண்டும். அந்த வீட்டில் இரண்டும் குறைவாக இருப்பது அவர் குற்றம் இல்லை. ஆனாலும் அவருக்கு ஒரு வழி இருக்கிறது. முடிந்த கணக்கை மட்டும் பிள்ளை செய்யட்டும். மற்றதைக் காலியாக விட்டு, ஓரத்தில் பென்சிலில் 'இதை அவனால் செய்ய முடியவில்லை, டீச்சர்' என்று ஒரு வரி எழுதலாம். எந்த மொழியில் எழுதினாலும் சரி. நல்ல ஆசிரியருக்கு அந்த வரி தங்கம். சிலர் கோபப்படவும் கூடும். அப்படிப்பட்ட ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு பெற்றோர் ஒருமுறை நேரில் போய்ப் பேசுவது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நம்மைப் போன்ற இளைஞர்கள் இந்த இடத்தில்தான் வர வேண்டும் என்று நினைக்கிறேன். ஆலய மண்டபங்களில் சனி, ஞாயிறு இலவச வகுப்பு நடத்துகிறோம். நல்ல தொண்டு. ஆனால் "இன்னைக்கு எத்தன பக்கம் முடிச்சோம்?" என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் அங்கேயும் வந்துவிடுகிறது. பக்கம் முடிந்தால் பெற்றோருக்கு மகிழ்ச்சி, நமக்கும் 'சேவை செய்தோம்' என்ற நிறைவு. பலனை எதிர்பார்க்காதே என்று படித்துவிட்டு வந்த நாம், நமக்குச் சொந்தமே இல்லாத ஒரு பலனை, அந்தப் பிள்ளையின் சரியான விடையை, நம் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். நான் இப்போதெல்லாம் வேறு ஒன்றைத்தான் பார்க்கிறேன். போன மாதம் பத்துத் தடவை "அண்ணே, இது எப்படி?" என்று கேட்ட பிள்ளை இந்த மாதம் எத்தனை தடவை கேட்கிறான்? குறைந்திருந்தால் நல்லது. மனசுக்குக் கொஞ்சம் வெறுமையாக இருக்கும், பரவாயில்லை.

வரும் சனிக்கிழமை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கழித்தல்தான் எடுக்கப் போகிறோம். இருநூறு ஐஸ்கிரீம் குச்சியும் ஒரு பொட்டலம் ரப்பர் பேண்டும் தேவை. வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். விடை சொல்லாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர் இருந்தால் இன்னும் நல்லது.