பொதியைக் கட்டியது யார்?

ஆங்கிலத்தில் ‘ஃபார்டெல்’ என்றொரு பழைய சொல் உண்டு. இன்று யாரும் அதைப் பேச்சில் பயன்படுத்துவதில்லை. 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘ஹாம்லெட்’ நாடகத்தின் புகழ்பெற்ற தனிமொழியில் வருவதால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் ‘சுமை’ என்று போட்டிருக்கும். தப்பில்லை, ஆனா போதாது. பழைய பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லின் முதல் பொருள் மூட்டை. ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகமான ‘தி விண்டர்ஸ் டேல்’-இல் ஓர் இடையன் கையில் வைத்திருக்கும் நிஜ மூட்டைக்கும் இதே சொல்தான். தமிழில் இதற்கு நெருக்கமான சொல் ‘பொதி’ என்பேன். பொதிமாடு, பொதிகழுதை என்கிறோமே, அந்தப் பொதி.

சுமைக்கும் பொதிக்கும் என்ன வித்தியாசம்? சுமை என்றால் கனம் மட்டும்தான் நினைவுக்கு வரும். பொதி என்றால் அதை யாரோ கட்டியிருக்க வேண்டும். கட்டியதை அவிழ்க்கலாம், பிரித்து நாலு பேர் தூக்கலாம். ஹாம்லெட் அந்தச் சொல்லுக்கு முன்னால் போடும் பட்டியலைப் பாருங்கள்: ஒடுக்குபவன் செய்யும் அநீதி, நீதியின் தாமதம், பதவியில் இருப்பவரின் திமிர். முக்கால்வாசி, மனிதன் மனிதன்மேல் கட்டி ஏற்றியவை. ஆனால் அவன் அடுத்துக் கேட்பது ‘இதை ஏன் சுமக்கிறோம்?’ என்றுதான். சாவுக்குப் பிறகு என்னவோ என்கிற பயம் என்பது அவன் பதில். கட்டியது யார் என்று அவன் கேட்பதில்லை.

நம்ம மொழி இந்த இடத்தில் வேறு பக்கம் போகிறது. ‘பொறை’ என்றால் பாரம், பொறுமையும் அதுவே. திருக்குறளில் ‘பொறையுடைமை’ ஒரு தனி அதிகாரம். அதன் முதல் குறளிலேயே, தன்னைத் தோண்டுபவரைத் தாங்கும் நிலம் உவமையாக வருகிறது. தனிமனித அறமாக இது பெரியது. சிக்கல், தோண்டுகிறவனே இதை எடுத்துச் சொல்லும்போதுதான். ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்பதைப் பெரும்பாலும் சொல்வது யார், கேட்பது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் இருக்கும் அனகாபுத்தூர் அடையாற்றின் கரையில் இருக்கும் நெசவு ஊர். நைஜீரியா வரைக்கும் போன கட்டம் போட்ட துணிகளை நெய்த ஊர். 2025 மே மாதம் இங்கே வேறு மூட்டைகளைக் கட்ட வேண்டியிருந்தது. ஆற்றங்கரை வீடுகள் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டன. பல வருடங்களாக அங்கே வாழ்ந்தவர்களைப் பெரும்பாக்கம், கீரப்பாக்கம் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். காரணம் பொய்யல்ல. 2015 வெள்ளத்தில் அடையாறு என்ன செய்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆறு அகலமானால் எனக்கும் நல்லதுதான். ஆனால் அந்த நன்மை என்னைப் போன்ற எல்லோருக்கும் பங்காகிறது. பொதி மட்டும் வேலையையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு தூரம் போனவர்களின் தலையில். அவர்களிடம் பொறுமையை எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பொறுமையைத் தவிர வேறொரு பதிலும் நம்மிடம் இருக்கிறது: சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கவும் திரும்ப ஏற்றவும் தோதான உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். பழந்தமிழில் ‘பொறையுயிர்த்தல்’ என்றால் இளைப்பாறுவது. பிள்ளை பெறுவதும் அதே சொல்தான். தன் பொறையை இறக்க முடியாமல் போனவளுக்காக, வழியே போகிறவர்களெல்லாம் இறக்கி வைக்க ஓர் இடம். அந்தக் கல் யாருக்கும் பொறுமையைப் போதிப்பதில்லை.

2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொன்னதை நான் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். ஒரு நாற்காலிதான். ஆனால் அதுவரைக்கும் கால் வலி அந்த ஊழியரின் பொறுமை சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தது. அதற்குப் பிறகு கடை முதலாளியின் கடமை.

ஆற்றங்கரை விஷயத்துக்கு நாற்காலி போதாது. ஆனால் கேள்வி அதேதான். ‘எவ்வளவு தாங்குவார்கள்?’ என்று அளப்பதை விட்டுவிட்டு, கட்டியதில் நம் பங்கு எவ்வளவு, பிரித்துத் தூக்க யார் வருவது என்று கேட்கலாம். சுமைதாங்கியை நட்டவர்கள் முதலில் அளந்தது, சுமந்து வருகிறவரின் தலை எந்த உயரத்தில் இருக்கும் என்பதைத்தான்.