பார்த்துவிட்டுப் போகத்தான் முகப்பு

எங்கள் வீட்டுச் சுவரில் சென்ற ஆண்டு புரட்டாசியில் 11 நாள் ஒரே தேதி நின்றது. தேதித் தாளைக் கிழிப்பது வீட்டில் என் வேலை. அப்பா இருந்தவரை அவர் கிழித்தார். அவருக்குப் பிறகு நான். அதிலும் நான் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆபீசில் மெய்ப்புப் பார்க்கிறவன். தினசரித் தாளின் ஒவ்வோர் எழுத்தையும் ஒவ்வோர் எண்ணையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்து அனுப்புவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். அப்படிப்பட்டவன் வீட்டில் புரட்டாசி 14 அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் என் கண் சுவருக்குப் போகாமல் புதுப் போனுக்குப் போய்க்கொண்டிருந்ததுதான் காரணம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் சாத்தூரிலிருந்து அக்கா பேசினாள். "தம்பி, நேத்து அம்மா திதிக்குப் படைச்சீங்களா?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. புரட்டாசித் தேய்பிறை தசமி. வருடம் தவறாமல் இலை போட்டுப் படைத்துவிட்டுக் காக்கைக்குச் சோறு வைக்கிற நாள். போனில் ஆங்கிலத் தேதி பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் நாள் அந்தத் தேதியில் இல்லை. சுவரில் நான் கிழிக்காமல் விட்ட தாள்களில் ஒன்றில், சின்ன எழுத்தில், திதி என்று போட்ட இடத்தில் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. மனிதன் தன் கண்ணுக்கு முன்னால் முதலில் எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

போனை எனக்கு அமைத்துக் கொடுத்தவள் கல்லூரியில் படிக்கும் மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்க உட்கார்ந்து முகப்புத் திரையை அலங்கரித்தாள். திரையில் வெறும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் விட்ஜெட் என்று ஒரு பட்டியல் வருகிறது. அதிலிருந்து வேண்டியதை இழுத்து வந்து வைக்கலாம். பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், நிறம் மாற்றலாம். கடிகாரம், வானிலை, செய்தி, கிரிக்கெட் ஸ்கோர், தங்கம் விலை, நடந்த அடிகளின் கணக்கு, குடும்பப் படங்கள் என்று ஒவ்வொன்றாக வைத்தாள். "அப்பா, இனிமே நீங்க எதையும் தேடிப் போக வேண்டாம். எல்லாம் உங்களைத் தேடி வரும்" என்றாள். என் மேல் வைத்த பாசத்தில்தான் சொன்னாள். திரை கோயில் தேர் மாதிரி அழகாக இருந்தது.

இந்த வசதி நேற்று வந்ததல்ல. ஆண்ட்ராய்டு போன்களில் வெளியாரும் விட்ஜெட் செய்து தரலாம் என்ற வழி 2009-லேயே திறந்துவிட்டது. ஐபோனின் முகப்பில் விட்ஜெட் வைக்க முடிந்தது 2020 செப்டம்பரில். அப்போது உலகம் முழுக்க இளைஞர்கள் பல மணி நேரம் செலவழித்து நிறத்துக்கு நிறம் பொருத்தித் தங்கள் முகப்பைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

அதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வெம்பக்கோட்டையில் வைப்பாற்றின் கரையில், விஜயகரிசல்குளம் மேட்டில், 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. குழிக்குள்ளிருந்து சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் வந்தன. சங்கு எங்கள் கரிசலில் விளைவதில்லை. கடலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த ஒன்றை அறுத்து, தேய்த்து, கோடு கீறி ஒருத்தி கையில் போட்டிருக்கிறாள். தன்னோடு இருக்கும் பொருளைத் தனதாக்கிக்கொள்ளும் ஆசை அவளுக்கும் இருந்தது, என் மகளுக்கும் இருக்கிறது. அந்த ஆசை நல்லது. ஆனால் வளையல் அவள் கையில் சும்மா கிடந்தது. அவளைக் கூப்பிடவில்லை.

அக்கா பேசிய அன்று ஆபீசில் மெய்ப்புத் தாளை வழக்கத்தைவிட நிதானமாகப் பார்த்தேன். இத்தனை வருடம் தப்பு தேடியே பார்த்த தாளை அன்றுதான் தாளாகப் பார்த்தேன். நடுவில் பெரிய எண். எழுத்துத் தெரியாத பாட்டியும் அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியது. ஞாயிறும் விடுமுறையும் சிவப்பில். மேலே தமிழ் மாதம், தமிழ்த் தேதி. சுற்றிலும் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம். கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன்: வரவு, நலம், அலைச்சல், பொறுமை. எது தூரத்திலிருந்து தெரிய வேண்டும், எது கிட்டே வந்து பார்த்தால் போதும் என்று யாரோ யோசித்து வகுத்திருக்கிறார்கள். பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. பார்த்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். மறுநாள் காலை அது கிழிபடும். நேற்றைய ராகு காலம் இன்றைக்கு வந்து நம்மைத் தொந்தரவு செய்யாது.

அட்டையில் இருக்கும் படத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆடி பதினெட்டு அன்று எங்கள் ஊர்ப் பக்கம் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவரும். கடைக்காரர்கள் அதைப் புரட்டி ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-ல் மறைந்த ஓவியர் கொண்டையராஜுவின் முருகனும் மீனாட்சியும் அப்படித்தான் சிவகாசி அச்சில் ஏறி வீடு வீடாகப் போனார்கள். ஒரு படம் ஓர் ஆண்டு முழுக்க அதே ஆணியில் இருக்கும். கடையின் பெயரும் அட்டையில் தனக்கென்று கொடுத்த இடத்தில் இருக்கும். அது தேதியை மறைக்காது. இன்று தள்ளுபடி என்று நம் தோளைத் தட்டாது.

தகவலில் என் போன் முகப்பு அந்தத் தாளைவிடப் பெரியதுதான். ஆனால் அதில் எதுவுமே பார்த்ததும் முடியவில்லை. செய்தியில் பாதி வரி இருக்கும். மீதிக்குத் தொட வேண்டும். தங்கம் விலை ஏறியிருக்கும். ஏன் என்று பார்க்கத் தோன்றும். படங்கள் தானாக மாறிக்கொண்டே இருக்கும். அடுத்தது எது என்று கண் காத்திருக்கும். மணி பார்க்க எடுத்த போனை வைக்கும்போது அரை மணி நேரம் போயிருக்கும். எவ்வளவு நேரம் போனில் போனது என்று காட்டும் கணக்கை 2018-லிருந்து போன் தயாரிப்பாளர்களே உள்ளே வைத்துத் தருகிறார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கவும் போனைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

என் மனைவி பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், சரவெடி பின்னுகிறாள். பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலை வேனில் ஏறினால் சாயங்காலம் கேட்டுக்கு வரும்வரை அவளுக்குப் போன் கிடையாது. அது எப்படி இருக்கிறது என்று அவளிடம் அன்று இரவுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"என்னங்க கேக்குறீங்க? கை திரியில இருக்கும்போது கண்ணு வேற எங்க போகும்? கண்ணு போனா கை போயிரும்ல" என்றாள்.

இதற்கு மேல் ஒரு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. கவனம் என்பது எங்கள் ஊரில் அழகான சொல் கிடையாது. அது உயிர். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் என்று ஊர்ப் பெயர்களையே பட்டாசு விபத்துகளின் பெயர்களாக மனதில் சுமக்கும் மண் இது. அந்த இழப்பையும் போனில் தொலையும் நேரத்தையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. ஆனால் அந்த வேலை இந்த மண்ணுக்குக் கற்றுக்கொடுத்த ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் சன்னல் வழியாகப் பட்டாசு ஆலைகளைப் பார்த்திருப்பார்கள். முள்வேலிக்குள் பரந்த நிலம். அதில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று ஒட்டாமல், தள்ளித் தள்ளி. வெளியூர்க்காரருக்கு அது வீணாய்க் கிடக்கும் இடமாகத் தோன்றும். இவ்வளவு இடம் இருக்கிறதே, இன்னும் நாலு அறை கட்டினால் என்ன என்று கேட்பார். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, இவ்வளவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் நடுவே இவ்வளவு தூரம் விட வேண்டும் என்று விதி சொல்கிறது. ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குத் தாவாமல் தடுப்பது அந்த வெற்று நிலம்தான். எங்கெல்லாம் அந்த இடைவெளியை ஆசை தின்றதோ, அறைக்குள் ஆளும் மருந்தும் கூடினவோ, அங்கெல்லாம் இழப்பு பெருகியதைத்தான் விபத்துக்குப் பின் விபத்தாகப் படித்துவந்திருக்கிறோம்.

என் முகப்புத் திரையில் ஓர் அங்குலம்கூடக் காலியாக இல்லை. செய்தியில் தொடங்கிய சூடு தங்கத்துக்குத் தாவும். தங்கத்திலிருந்து கடனுக்குத் தாவும். கடன் நினைப்போடு மனைவியிடம் பேசினால் அந்தப் பேச்சும் சுள்ளென்று வரும். காலை ஆறு மணிக்குப் பிடித்தது இரவு வரை அணையாது. நடுவில் தடுக்க வெற்று நிலம் இல்லை.

வானிலை விட்ஜெட்டைத்தான் நான் கடைசிவரை நம்பினேன். எங்கள் பகுதிக்கு அது மிகவும் வேண்டிய ஒன்று. இடி மின்னல் வந்தால் பட்டாசு ஆலையில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது விதி. ஐப்பசி தொடங்கியபின் ஒரு நாள் பிற்பகல் போனைப் பார்த்தேன். வெயில் படம் போட்டிருந்தது. மனைவியோ அன்று நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். மேற்கே மேகம் கறுத்து முதல் இடி முழங்கியதுமே போர்மேன் எல்லோரையும் கிளப்பி வேனில் ஏற்றிவிட்டாராம். பிறகுதான் தெரிந்துகொண்டேன்: பேட்டரி தீராமல் இருப்பதற்காக, ஆண்ட்ராய்டில் ஒரு விட்ஜெட் குறித்த கால அளவில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளக் குறைந்தது 30 நிமிடமாவது விட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். முகப்பில் நாம் பார்ப்பது அரை மணிக்கு முந்தைய வானமாக இருக்கலாம். போர்மேன் தலை நிமிர்ந்து பார்த்தது அந்த நொடியின் வானம்.

அதற்காக விட்ஜெட் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மின்னல் எச்சரிக்கைக்குப் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலியும், தமிழ்நாடு அரசின் டிஎன்-அலர்ட் செயலியும் என் போனில் இருக்கின்றன. எல்லோர் போனிலும் இருக்க வேண்டும். ஆனால் அந்த அரை மணிக் கணக்கில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. இயந்திரத்துக்குக்கூட இடைவெளி விட்டிருக்கிறார்கள், அது சோர்ந்துவிடக் கூடாது என்று. அதைப் பார்க்கும் எனக்கு நான் ஒரு நிமிடம்கூட விட்டுக்கொள்ளவில்லை.

பிறகு மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் வைத்த ஒவ்வொன்றையும் தொட்டு ஒரே கேள்வியைக் கேட்டோம்: இது என்னை வேலைக்கு அனுப்பிவைக்கிறதா, இங்கேயே பிடித்துவைக்கிறதா? தேதி அனுப்பிவைத்தது. மழைக் குறிப்பு அனுப்பிவைத்தது. செய்தி பிடித்துவைத்தது, உள் பக்கத்துக்குப் போனது. ஸ்கோரும் தங்கமும் போயின. தமிழ்த் தேதியும் திதியும் காட்டும் விட்ஜெட் ஒன்றை மகளே தேடி எடுத்து நடுவில் வைத்தாள். மாறிக்கொண்டே இருந்த படங்களை எடுத்துவிட்டு அம்மாவின் படம் ஒன்றை மட்டும் வைத்தாள். அது மாறுவதில்லை. தினமும் ஒரு கணம் அதன் முன்னால் நிற்கிறேன், பிறகு போகிறேன். திரையின் பாதி இப்போது காலியாகக் கிடக்கிறது. "அங்க வேற ஏதாவது வைக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பயர் ஆபீஸ் நிலத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்தது. அவள் அம்மா அங்கேதானே வேலை பார்க்கிறாள்.

வீட்டு வாசலில் எதைப் பரப்பி வைப்பது என்று நமக்குத் தெரியும். கோலம் போடுவோம், நடுவில் நடக்க வழி விடுவோம். போனின் முகப்பும் ஒரு வாசல்தான், ஒரு நாளில் நாம் அதிக முறை கடக்கும் வாசல். அதில் எதை வைப்பது என்பதை யாரோ ஒரு கம்பெனியின் விருப்பத்துக்கும், காலியிடத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்ற நம் பழக்கத்துக்கும் விட்டுவிடக் கூடாது. இன்று இரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் முகப்பில் இருக்கும் ஒவ்வொன்றிடமும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அனுப்பிவைப்பது இருக்கட்டும். பிடித்துவைப்பதை உள்ளே தள்ளுங்கள். மீதி இடத்தைக் காலியாகவே விடுங்கள். காலையில் போனை எடுப்பதற்கு முன்னால் சுவரில் இருக்கும் நேற்றைய தாளைக் கிழித்துவிடுங்கள்.