மூன்றில் ஒரு பங்கு

ஹூஸ்டனின் நெடுஞ்சாலையோர விளம்பரப் பலகைகளில் தேவாலயங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் தென்படுகிறவர்கள் விபத்து வக்கீல்கள்தான். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் ஒரு லாரியோ எண்ணெய்க் கிணற்று மேடையோ இருக்கும். கீழே ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் தொலைபேசி எண். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற வாக்குறுதி. நம்மவர்கள் கூடும் வாரக்கடைசி விருந்துகளில் இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் தீர்ப்பு உடனே வந்துவிடும். "ஆம்புலன்ஸ் பின்னாடி ஓடுறவங்கப்பா. அடுத்தவன் முதுகு உடைஞ்சா இவனுக்கு மூணுல ஒரு பங்கு."

மூன்றில் ஒரு பங்கு என்பது உண்மைதான். வழக்கு விசாரணை வரை போனால் அது நாற்பது சதவீதமாகக்கூட ஆகும். ஒரு மனிதனின் காயத்துக்கு விலை பேசுவதும், அந்த விலையில் பங்கு வாங்குவதும் இழிவா இல்லையா என்ற கேள்வி எனக்குள் கொஞ்ச காலமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம், எனக்குத் தெரிந்த ஒருவர். எங்கள் பிள்ளைகள் ஒரே நீச்சல் வகுப்புக்குப் போகிறார்கள். கிங்ஸ் பாயிண்டில் உள்ள வணிகக் கப்பல் அகாடமியில் படித்து, சில வருடம் எஞ்சின் அறையில் வேலை பார்த்து, பிறகு நியூ ஆர்லியன்ஸ் டுலேன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். கடலில் அடிபட்டவர்களின் வழக்குகளை மட்டும் எடுக்கிறார். குளோரின் வாசனைக்கு நடுவே அவர் சொன்ன சங்கதிகளைக் கேட்டு, பிறகு நானே தீர்ப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். (கோடு படிக்கிறவனுக்குத் தீர்ப்பு படிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. இரண்டிலுமே கமெண்ட்டை நம்பக்கூடாது.)

முதலில் எனக்குக் கிடைத்தது ஒரு சூத்திரம். 1944 ஜனவரியில் நியூயார்க் துறைமுகத்தில் மாவு ஏற்றியிருந்த ஒரு சரக்குப் படகு, கட்டு அவிழ்ந்து மிதந்துபோய் ஒரு டேங்கர் கப்பலின் விசிறியில் மோதி ஓட்டையாகி மூழ்கியது. படகுக் காவலாளி 21 மணி நேரமாகப் படகிலேயே இல்லை. 1947ல் தீர்ப்பு எழுதிய நீதிபதி லெர்னெட் ஹேண்ட், கவனக்குறைவு என்பதை இயற்கணிதமாகவே எழுதினார். விபத்து நடக்கும் வாய்ப்பை நஷ்டத்தின் அளவால் பெருக்கு. தடுக்க ஆகும் செலவு அதைவிடக் குறைவாக இருந்தும் தடுக்கவில்லை என்றால் நீ பொறுப்பு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே இதைப் படித்துவிடுகிறார்கள்.

எனக்கு அந்தச் சூத்திரம் பிடித்திருந்தது. அதேசமயம் அதைப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. தேய்ந்த கயிற்றை இந்த மாதம் மாற்றலாமா, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமா என்று ஒரு கப்பல் கம்பெனி யோசிக்கும்போது இந்தப் பெருக்கல் நடந்து முடிந்துவிடுகிறது. கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவனின் காலுக்கு அப்போதே ஒரு எண் போட்டாகிவிட்டது. வக்கீல் பிறகு வந்து, அந்த எண் தப்பு என்று சண்டை போடுகிறார். காயத்துக்கு விலை வைப்பதே அநாகரிகம் என்றால், அநாகரிகம் அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

சில சமயம் அந்த எண்ணைச் சட்டமே போட்டுக் கொடுக்கும். கப்பல் முதலாளியின் அறிவுக்கும் தலையீட்டுக்கும் அப்பாற்பட்டு விபத்து நடந்திருந்தால், அவருடைய மொத்தப் பொறுப்பு, விபத்துக்குப் பிறகு அந்தக் கப்பலுக்கு மிஞ்சியிருக்கும் மதிப்போடும் அந்தப் பயணத்தின் வருமானத்தோடும் நின்றுவிடும் என்கிறது 1851ம் வருட அமெரிக்கச் சட்டம். டைட்டானிக்கில் 1,500 பேருக்கு மேல் செத்தார்கள். கப்பல் கடலடியில். மிஞ்சியது உயிர்காப்புப் படகுகள். அவற்றோடு பயணக் கட்டணத்தையும் சேர்த்து சுமார் 92,000 டாலர், அதற்கு மேல் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று முதலாளிகள் நியூயார்க் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். இந்த வரம்பை அவர்கள் இங்கே கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 1914ல் ஒத்துக்கொண்டது. கடைசியில் சுமார் 6,64,000 டாலருக்குச் சமரசம். ஏதோ பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2024 மார்ச்சில் பால்டிமோரில் டாலி கப்பல் மோதிப் பாலம் விழுந்தது. பாலத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பல் தரப்பு ஒரு வாரத்துக்குள் அதே 1851 சட்டத்தைக் கையிலெடுத்து, சுமார் 4 கோடியே 37 லட்சம் டாலர்தான் வரம்பு என்று மனு போட்டது.

ஆக, விருந்தில் நண்பர் சொன்ன குற்றச்சாட்டில் பாதி போயிற்று. மீதிப் பாதி அவ்வளவு சுலபமாகப் போகவில்லை.

நான் வேலை பார்க்கும் துறையில் சர்வர் விழுந்தால் மறுநாள் கூடி உட்கார்ந்து ஒரு அறிக்கை எழுதுவோம். அதில் யார் பெயரையும் குற்றம் சாட்டக்கூடாது என்பது விதி. குற்றம் சொல்ல ஆரம்பித்தால் ஆட்கள் உண்மையை மறைப்பார்கள். கப்பல் தொழிலாளிக்கு இந்தச் சலுகை இல்லை. 1920ம் வருட ஜோன்ஸ் சட்டப்படி அவன் முதலாளி மேல் வழக்குப் போடலாம், ஜூரி முன்னால் நிற்கலாம். ஆனால் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். சட்டம் இதில் அவன் பக்கம் சாய்ந்தது, முதலாளியின் தவறு இம்மியளவு காரணமாக இருந்தாலே போதும். இருந்தாலும் யாராவது ஒருவர் தப்பு செய்திருக்க வேண்டும். அடிபட்ட அன்றே கம்பெனி ஆள் ஒலிப்பதிவுக் கருவியோடு ஆஸ்பத்திரிக்கு வருவார் என்றார் என் நண்பர். "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். "பரவாயில்லைங்க" என்று மரியாதைக்குச் சொல்லிவைத்த பதில் இரண்டு வருடம் கழித்து ஜூரி முன்னால் ஒலிக்கும். வீட்டு வாசலில் மளிகைப் பையைத் தூக்குவதை ஒருவர் காருக்குள்ளிருந்து வீடியோ எடுப்பார். அந்த இரண்டு வருடமும் காயம்பட்டவன் காயம்பட்டவனாகவே இருந்தாக வேண்டும். தேறினால் தொகை குறையும். இதில் வக்கீலுக்கும் பங்கு இருக்கிறது. அதை அவரே மறுக்கவில்லை. "தேறிட்டு வான்னு சொல்லணும்னுதான் இருக்கும், சொல்ல முடியாது" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

இதற்கு வேறு வழி இல்லையா என்றால், கடல் சட்டத்திலேயே இருக்கிறது, இடைக்கால ஒலெரோன் விதிகளிலிருந்து. கப்பலின் பணியில் இருக்கும்போது நோயோ காயமோ வந்தால், யார் தப்பு என்று கேட்காமல் அவனுக்குச் சோறும் தங்குமிடமும் வைத்தியமும் முதலாளி தரவேண்டும். 1944ல் ஒரு மாலுமி, நேப்பிள்ஸில் கரையிறங்கி, கூட்டாளிகளோடு ஒயின் குடித்து, நடன விடுதி ஒன்றில் கடல் பார்க்கும் திண்டில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். பிடித்த இரும்புக் கம்பி கழன்று விழுந்து கால் முறிந்தது. கப்பலுக்கு இதில் என்ன சம்பந்தம்? 1951ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குத் தரச் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்பு எல்லாவற்றையும்விடப் பிடித்திருக்கிறது. இவ்வளவு பெரிய மனசுள்ள சட்டம் நடைமுறையில் எவ்வளவு தந்தது? பல பத்தாண்டுகளுக்கு ஒரு நாளுக்கு 8 டாலர் என்பதுதான் வழக்கமான தொகை. யார் தப்பென்று கேட்காதவர்கள் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள், நிறைய வேண்டுமென்றால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்த உரிமையும் எல்லா மாலுமிக்கும் இல்லை. 2003 மே மாதம் மயாமி துறைமுகத்தில் நின்ற நார்வே என்ற சொகுசுக் கப்பலில் கொதிகலன் வெடித்து ஊழியர்கள் 8 பேர் இறந்தார்கள். பிலிப்பைன்ஸ் குடும்பங்கள் புளோரிடாவில் வழக்குப் போட்டன. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, பிலிப்பைன்ஸ் நடுவர் மன்றத்துக்குப் போங்கள் என்று 2005ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒப்பந்தத்தில் உயிருக்கு 50,000 டாலர், 21 வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு ஆளுக்கு 7,000, அதிகபட்சம் 4 குழந்தைகள் என்று அச்சடித்திருக்கிறது. வெடித்தது அமெரிக்கத் துறைமுகத்தில். விலையைத் தீர்மானித்தது பாஸ்போர்ட்.

மூன்றில் ஒரு பங்கின் உண்மையான கோளாறு எனக்கு இங்கேதான் தெரிகிறது. வக்கீல் அதிகம் எடுத்துக்கொள்கிறார் என்பது இல்லை. எதில் மூன்றில் ஒரு பங்கு கொஞ்சமோ அந்த வழக்கை அவரால் எடுக்க முடியாது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் நேரும் மரணங்களுக்கு 1920ம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. குடும்பத்துக்கு ஏற்பட்ட பண நஷ்டத்தை மட்டும் ஈடுசெய் என்கிறது அது. துக்கத்துக்கு ஒன்றும் கிடையாது. 1996ல் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானம் கடலில் விழுந்து 230 பேர் இறந்தபோது, பென்சில்வேனியாவின் ஒரு சின்ன ஊரிலிருந்து 16 பள்ளி மாணவர்கள் அதில் இருந்தார்கள். மாணவர்கள் சம்பாதிக்கவில்லை, ஆகவே பெற்றோருக்கு நஷ்டமில்லை என்பதுதான் அந்தச் சட்டத்தின் கணக்கு. பெற்றோர்கள் போராடியதில் 2000ம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. விமானங்களுக்கு மட்டும். கப்பலுக்கு இல்லை.

ஓய்வுபெற்ற ஒரு கிழவர் சொகுசுக் கப்பலில், நடுக்கடலில், சரியான வைத்தியம் கிடைக்காமல் செத்துப்போகிறார். பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்கள், அவர் சம்பாத்தியத்தை நம்பி யாரும் இல்லை. மகள் அந்தப் பலகை எண்ணுக்குப் போன் செய்கிறாள். இந்த மாதிரி அழைப்பு வருடத்துக்கு நாலைந்தாவது வரும் என்றார் நண்பர். ஈமச் செலவைத் தவிர கேட்பதற்குச் சட்டத்தில் அநேகமாக ஒன்றும் இல்லை என்பதை எப்படிச் சொல்வதென்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லையாம். முதல் பத்து நிமிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பேன், அதற்குக் கட்டணம் கிடையாது என்றார். பிறகு நீச்சல் வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஈரத்தோடு வந்தார்கள். துண்டைத் தேடப் போய்விட்டோம்.