ஆறப் பொறுப்பது

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரம் போயிருந்தேன். தென்காசிப் பக்கத்து நண்பர் ஒருவர், "அந்தப் பக்கம் போனா பாப்பாவைப் பார்த்து இதைக் குடுத்துடுங்க" என்று ஒரு டின் முறுக்கைக் கையில் திணித்திருந்தார். பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயசு. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. நாலு தோழிகளோடு வாடகை வீடு.

துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். வெயிலுக்காக என்று நினைத்தேன். டீக்கடையில் உட்கார்ந்து அதை இறக்கியதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "என்னம்மா, முகம் இப்படி ஆயிடுச்சு?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப இதற்கு வரவேண்டியிருக்கிறது.

கன்னம் முழுக்கச் சிவப்பு. சிவப்புக்கு மேல் பொரிப்பொரியாகப் பரு. வேலைக்கு வந்த புதிதில் நாலைந்து பருதான் இருந்ததாம். ராத்திரி ஷிஃப்ட், எட்டு மணி நேரம் மாஸ்க், வியர்வை. கூட இருந்த தோழி ஒரு ட்யூப் கொடுத்திருக்கிறாள்.

"மூணாவது நாளே பளிங்கு மாதிரி ஆயிடுச்சு மாமா. ரெண்டு மாசம் போட்டேன். நிறுத்தினா, முன்னாடி இருந்ததைவிட மோசமா வந்துச்சு. மறுபடி போட்டேன், அடங்குச்சு. இப்ப போட்டாலும் எரியுது, போடலைன்னாலும் எரியுது."

ட்யூப்பை வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஒரு ஸ்டீராய்டின் பெயர். கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்டாரா என்றேன். "பேரைச் சொன்னா குடுத்துடுவாங்க" என்றாள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. தேவையான வியாதிக்கு, தேவையான நாளுக்கு, டாக்டர் சொல்லிப் போட்டால் நல்ல மருந்து. அது தோலின் அழற்சியைச் சட்டென்று அமுக்கும். அதனால்தான் மூன்றே நாளில் பளிங்கு. ஆனால் முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும். ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பரு புதிதாகக் கிளம்பும். நிறுத்தினால் அமுக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாகப் பொங்கும். இந்தியாவில் இப்படிக் கெட்டுப்போன முகங்களைப் பார்த்துப் பார்த்து, 2008-ல் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார்கள்: 'ஸ்டீராய்டால் சேதமான முகம்'. 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் டெல்லியில் இருக்கிறது. ட்யூப் முக்குக் கடையில் இருக்கிறது.

சரி, பருவுக்கு நிஜமான மருந்து இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் கிளிக்மன் என்ற தோல் மருத்துவரும் கூட்டாளிகளும் 1969-லேயே, வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ட்ரெடினாயின் பருவுக்குப் பலன் தரும் என்று எழுதிவிட்டார்கள். அந்தக் குடும்பத்து மருந்துகள்தான் இன்றும் முதல் வரிசையில். ஒரே சிக்கல், நேரம். இன்று கண்ணாடியில் தெரிகிற பரு இன்று பிறந்ததில்லை. துவாரம் அடைத்து, எண்ணெய் தேங்கி, கிருமி பெருகி, வாரக்கணக்கில் தோலுக்கு அடியில் தயாரான பிறகுதான் வெளியே தலையை நீட்டுகிறது. மருந்து அடுத்த வரிசையைத்தான் தடுக்கும். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம். ஆரம்பத்தில் கொஞ்சம் அதிகமாவதும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். சரியான மருந்து முதல் மாதம் தோற்றமாதிரி தெரிகிறது. தப்பான மருந்து முதல் மாதம் ஜெயித்தமாதிரி தெரிகிறது. கண்ணாடி பொய் சொல்வதில்லை என்பார்கள். முதல் மாதத்தில் சொல்லும்!

நான் ஒரு குட்டிப் பிரசங்கம் ஆரம்பித்தேன். கையில் எடுத்துக்காட்டுகள் வேறு தயாராக இருந்தன. இந்தச் சாலையில்தானே 1998-லிருந்து காராகச் செய்து தள்ளுகிறார்கள்? இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் புதுக் காரின் மேனி பளபளக்கிறதே, அது ஒரே பூச்சில் வந்ததா? ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நேரம். அடிப்பூச்சு அடுப்பில் வேகவேண்டும். நடுவில் ஒரு தூசி விழுந்து பருமாதிரி தடித்தால், ஈரத்தில் கை வைக்கமாட்டார்கள். காயவிட்டு, பிறகுதான் தேய்த்துச் சரிசெய்வார்கள். "ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கக் கூடாதாம்மா?" என்றேன். ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்த ராமாநுஜர், மந்திரத்தின் பொருள் கேட்டுத் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்ததாகச் சொல்வார்களே, அதையும் சொன்னேன். பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பியவர் பொறுமை இழந்தாரா?

அவள் முறுக்கை உடைத்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்.

"டாக்டர்ட்ட போனேன் மாமா. மூணு மாசம் ஆகும்னார். ஆவணியில என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. வீடியோ கால்ல அம்மா முதல்ல முகத்தைத்தான் பார்க்கறாங்க. லைன்ல சூப்பர்வைசர், பஸ்ல பக்கத்து சீட்டு அக்கா, எல்லாரும் 'என்னாச்சு'ங்கறாங்க. நான் பொறுமையா இருப்பேன். பார்க்கறவங்களைப் பொறுமையா இருக்கச் சொல்றது யாரு?"

எனக்குச் சுருக்கென்றது. வந்து உட்கார்ந்ததும் நான் கேட்டதும் அதைத்தானே?

பொறுமையை நாம் எப்போதும் கஷ்டப்படுகிறவனின் கணக்கில்தான் எழுதுகிறோம். வலி அவனுக்கு, பொறுமையும் அவனுக்கு. கார் ஆறுவதற்கான நேரத்தை அந்தத் தொழிற்சாலையே திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. 'ஏன் இன்னும் காயலை?' என்று யாரும் கதவைத் திட்டுவதில்லை. தோல் டாக்டரைப் பார்க்க ஒருநாள் லீவு போட்டால் இந்தப் பெண்ணுக்கு அந்த நாள் சம்பளம் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காசு வேண்டாம். ஆனால் க்யூவில் நிற்க அவளுக்குப் பகல் வேண்டுமே. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதி திறந்தார்கள். அத்தனையும் பரு வருகிற வயசு. அவர்கள் ஆறுவதற்கான நேரம் யார் திட்டத்தில் இருக்கிறது?

ராமாநுஜர் கதையையும் நான் பாதியோடு நிறுத்தியிருந்தேன். பதினெட்டு முறை நடந்து பெற்றதை அவர் என்ன செய்தார்? கோபுரத்தில் ஏறி ஊருக்கே உரக்கச் சொன்னார் என்பார்கள். பொறுமையைத் தான் பட்டார். அடுத்தவரும் பதினெட்டு முறை நடக்கட்டும் என்று விடவில்லை. நமக்கு இதில் பாதி போதும். நாம் கேட்காமல் இருந்தாலே ஒருவருக்குச் சில நடைகள் மிச்சம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கண்ணாடி முன்னால் நிற்கும். கடையில் பேர் சொல்லி ட்யூப் வாங்க விடாதீர்கள். போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துவதையும் தோல் டாக்டரைக் கேட்டே செய்யுங்கள். பரு மருந்துகளில் கர்ப்ப காலத்தில் ஆகாதவையும் உண்டு, அதையும் கேளுங்கள். அப்புறம் மூன்று மாசம் அந்த முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். அது போதும்.

பொங்கலுக்கு ஊரில் அவளைப் பார்த்தேன். துப்பட்டா தோளில் இருந்தது. வேலை எப்படி, ஷிஃப்ட் மாறிடுச்சா, தோழிகள் சௌக்கியமா என்று அரை மணி நேரம் பேசினோம்.

'அதெல்லாம் சரி, முகம் எப்படி இருந்தது?' என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றுகிறது, இல்லையா?

அதைத்தான் சொல்கிறேன்.