சிலந்தியும் சக்கரவர்த்தியும்

கி.பி. 161 முதல் 180 வரை ரோமாபுரியை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தியைத் தத்துவ ஞானி என்று உலகம் போற்றுகிறது. அப்புகழ் பொய்யன்று. தமக்கென்றே கிரேக்க மொழியில் அவர் எழுதிவைத்த குறிப்புகளில், சினத்தை அடக்கவும் நிலையாமையை உணரவும் இடைவிடாது முயன்ற ஓர் உள்ளத்தைக் காண்கிறோம். பௌத்தர்களாகிய நமக்கு அவ்வுள்ளம் அயலானதன்று.

அக்குறிப்புகளின் பத்தாம் பகுதியில் ஓரிடம் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. ஈயைப் பிடித்த சிலந்தி செருக்குறுகிறது. முயலைப் பிடித்தவன் செருக்குறுகிறான். சர்மாத்தியரைச் சிறைபிடித்தவனும் அவ்வாறே. ஆராய்ந்து பார்த்தால் இவர்கள் கொள்ளைக்காரர் அல்லரோ என்னும் கருத்தை அங்கே அவர் எழுதுகிறார். சர்மாத்தியர் டான்யூப் ஆற்றுக்கு அப்பால் வாழ்ந்த மக்கள். அவர்களோடு போரிட்டவர் வேறெவருமல்லர், இவரேதாம்! 175-ஆம் ஆண்டில் அவ்வெற்றிக்காக 'சர்மாத்திக்கஸ்' என்னும் பட்டத்தையும் ஏற்றார். நாணயத்தில் பட்டம், ஏட்டில் பழிப்பு. தீயதென்று தெளிந்ததைத் தன் நெஞ்சுக்கு மட்டும் சொல்லிக்கொள்வது அறமாகுமா?

எல்லையைக் காவாதிருந்தால் நாடே அழிந்திருக்கும் என்பர் சிலர். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. மார்க்கோமன்னியர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் புகுந்தது மெய்யே. ஆயின், போர் தவிர்க்க இயலாததாயினும் பட்டமும் தவிர்க்க இயலாததோ? அடிமையாய் வாழ்ந்த எபிக்டீட்டஸின் போதனைகளைப் பயின்று நன்றி பாராட்டியவர் அவர். எனினும் அவர் ஆட்சியிலும் அடிமைமுறை நிலைத்தே நின்றது. இதனை நாம் விரைந்து கடந்துபோதல் அரிது. நம்மிடம் தனியே வந்து, "எமக்குச் சாதி வேற்றுமை இல்லை" என்று சொல்லிவிட்டு, ஊர்ப் பந்தியில் வாய்மூடி அமர்ந்திருக்கும் நல்லோரை நாம் அறிவோமன்றோ?

மார்க்கஸுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்டவர் அசோகர். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதையும் ஒன்றரை லட்சம் பேர் நாடு பெயர்க்கப்பட்டதையும் எண்ணிச் சொல்லி, தம் துயரைப் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் பொறித்தார். அவரும் கலிங்கத்தைத் திருப்பித் தரவில்லை. கலிங்க நாட்டுப் பாறைகளில் அச்சாசனத்தை வெட்டுவிக்கவுமில்லை. நம்மவர் என்பதற்காக இக்குறையை மறைத்தல் நமக்கு அழகன்று. ஆயினும் பிற இடங்களில் வழிப்போக்கனும் அறியும்படி அவ்வருத்தம் வெளிப்பட்டு நின்றது. அரசரை அவர் சொல்லைக் கொண்டே வினவலாம் என்னும் நிலை உண்டாயிற்று. பேழைக்குள் இருந்த ஏட்டைக் கொண்டு எந்தச் சர்மாத்தியக் கைதி சக்கரவர்த்தியிடம் நீதி கேட்டிருக்க முடியும்?