யாருடைய தாமதம்?

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நடப்பதற்காகவே வருகிறார்கள். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். வழியில் எட்டு லிங்கங்கள். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான வெறுங்கால்கள். ஆனால் அந்தக் கால்களுக்கு உரியவர்கள் ஊருக்கு நடந்து வருவதில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பஸ்ஸிலும் வேனிலும் காரிலும் வந்து இறங்கித்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். அவர்கள் தங்குவதற்கு லாட்ஜுகள் எழும்புகின்றன. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று ஆசை காட்டி அடுக்கு வீடுகள் எழும்புகின்றன. ஒவ்வொரு கட்டடமும் தன் பங்குக்குச் சில வண்டிகளைச் சாலையில் இறக்கி விடுகிறது.

இந்த வண்டிகளால் ஊருக்கு நேரும் கெடுதலை எப்படி அளப்பது? இது இன்ஜினீயர்களின் கவலை என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். எனக்கும் கணக்குக்கும் வெகு தூரம். ஆயினும் இந்தக் கணக்குக்குள்ளே ஒரு நியாயக் கேள்வி ஒளிந்துகொண்டிருக்கிறது. கெடுதல் என்கிறோமே, அது யாருக்குக் கெடுதல்?

அமெரிக்காவில் 1965-ல் வெளியான ஒரு நெடுஞ்சாலைக் கையேடு, சாலைகளுக்குப் பரீட்சை மார்க்குப் போல ஏ முதல் எஃப் வரை ஆறு தரங்களை வகுத்தது. பிற்காலத்தில், சிக்னல் உள்ள சந்திப்புகளுக்கு, வண்டிகள் காத்து நிற்கும் வினாடிகளை வைத்தே தரம் நிர்ணயித்தார்கள். சராசரியாக 10 வினாடிக்குள் கடந்துவிட்டால் ஏ; 80 வினாடிக்கு மேல் நிற்க நேர்ந்தால் எஃப். நம் நாட்டுப் பொறியாளர்களும் இந்த ஆறு தரங்களை எடுத்துக்கொண்டார்கள். புதிய கட்டடம் ஒன்று வந்தால் பக்கத்துச் சந்திப்பின் மார்க்கு எவ்வளவு குறையும் என்று பார்ப்பதே, போக்குவரத்தின் பாதிப்பை அளப்பது என்று ஆகிவிட்டது.

மேலுக்குப் பார்த்தால் இதில் குற்றம் ஒன்றும் தெரியாது. நெரிசலில் நிற்பது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் இந்த அளவுகோல் செய்த வேடிக்கை ஒன்றைக் கேளுங்கள். கலிஃபோர்னியா மாநிலத்தில் 1970-ல் சுற்றுச்சூழலைக் காக்க ஒரு சட்டம் செய்தார்கள். அதன் கீழும் வெகுகாலம் காரின் தாமதத்தையே சுற்றுச்சூழலுக்கு நேரும் கெடுதலாகக் கருதி வந்தார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ நகரம் சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் போடத் திட்டமிட்டபோது, அதன் விளைவுகளைச் சட்டப்படி ஆராயவில்லை என்று வழக்கு வந்தது. 2006-ல் தடை உத்தரவு பிறந்தது. சைக்கிளுக்கு இடம் விட்டால் கார் தாமதமாகும். அது கெடுதலா இல்லையா என்று ஆராய்ந்து எழுத வேண்டும். 2010 வரை அந்தத் தடை நீடித்தது. புகை கக்காத சைக்கிள், காற்றைக் காக்க வந்த சட்டத்தின் வாசலில் நான்கு வருஷம் காத்து நின்றது!

இன்னொரு விபரீதமும் உண்டு. நகரின் நடுவில், பஸ்ஸும் கடையும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் வீடு கட்டினால், ஏற்கெனவே நெரிந்து கிடக்கும் சந்திப்பு ஃபெயிலாகிவிடும். ஊருக்கு வெளியே வயலை மேடாக்கிக் கட்டினால் சந்திப்பு பாஸாகிவிடும். அங்கே குடியிருப்பவர் உப்பு வாங்கக்கூடக் காரை எடுக்க வேண்டும் என்பது கணக்கில் வராது. இதை உணர்ந்து கலிஃபோர்னியா 2013-ல் ஒரு சட்டம் செய்தது. காரின் தாமதத்தைச் சுற்றுச்சூழல் கெடுதலாகக் கொள்ள வேண்டாம். ஒரு கட்டடத்தால் வண்டிகள் மொத்தம் எத்தனை மைல் ஓடும் என்று பாருங்கள் என்று சொன்னது. 2020 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் அதுவே விதி.

நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். நகரச் சாலைகளுக்காக இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு பட்டியல் இருக்கிறது. சாலையை அடைத்துக்கொள்வதில் எந்த வண்டி எத்தனை காருக்குச் சமம் என்று அது சொல்கிறது. கார் 1. சைக்கிள் 0.4 அல்லது 0.5. கைவண்டி 2 அல்லது 3. பஸ் 2.2 முதல் 3.7 வரை. ஐம்பது பேரை ஏற்றி வரும் பஸ், அதிகம் போனால் நான்கு காருக்குள் அடங்குகிறது. அதே ஐம்பது பேர் காருக்கு நால்வராக வந்தால் 12, 13 கார்கள் வேண்டும். ஆனால் பட்டியலில் தெரிவது பஸ்ஸின் பருமன்தான்; உள்ளே உட்கார்ந்திருக்கும் ஐம்பது முகங்கள் தெரிவதில்லை. நடக்கிறவருக்கோ அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. அவருக்கான நடைபாதை விவகாரம் வேறொரு கையேட்டில் இருக்கிறது. நடப்பதற்காகவே லட்சம் பேர் கூடும் ஊரில், சாலையின் கணக்குப் புத்தகத்தில் கால் என்ற பத்தியே இல்லை.

நிழல் என்ற பத்தியும் இல்லை. 2015-ல் கிரிவலப் பாதையை அகலப்படுத்தும் வேலையில் மரங்கள் வெட்டப்பட்டன. எதிர்ப்பு எழுந்தது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தலையிட்டு வேலையை நிறுத்தி வைத்தது. பக்தர்களின் சௌகரியம்தான் நோக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அகலம் சௌகரியம் என்று நாம் பழகிவிட்டோம். பகலில் வெறுங்காலுடன் தார்ச் சாலையில் நடக்கிறவருக்குச் சௌகரியம் எது என்று அவருடைய உள்ளங்காலைத்தான் கேட்க வேண்டும்.

கட்டடங்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 2006-ம் வருஷத்து அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டுகிறவர் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். வண்டி நிறுத்த இடம் போதாமல் போகுமா, வாசலில் வண்டிகள் நுழைவதையும் வெளியேறுவதையும் எப்படி ஒழுங்கு செய்வீர்கள், வளாகத்துக்குள் நடைபாதை உண்டா என்றெல்லாம் விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். நல்ல கேள்விகள். ஆனால் அவை பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடுகின்றன. மேலும் 20,000 சதுர மீட்டர் என்பது இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல். கோயில் ஊர் லாட்ஜு எதுவும் சாதாரணமாக அந்த எல்லையைத் தொடுவதில்லை.

லாட்ஜு கட்டுகிற நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "இருபது ரூம் ஸார், எல்லாம் சட்டப்படி. என் ஒரு லாட்ஜாலேயா இந்த ஊர் கெட்டுப் போகப் போகுது?" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. அவருடைய லாட்ஜால் ஊர் கெடாது. அடுத்த லாட்ஜாலும் கெடாது. நூறாவது லாட்ஜுக்காரரும் இதையே சொல்லலாம். அதுவும் உண்மையாகவே இருக்கும். எல்லாரும் உண்மை சொல்லியும் ஊர் மூச்சு முட்டுகிறது என்றால், அந்தக் குற்றத்தை யார் தலையில் வைப்பது? தனி மனிதனின் பாவத்தை எடைபோட நமக்கு எத்தனையோ நீதி நூல்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பிடியாகச் சேர்ந்து மலையாகிவிடும் பாவத்தை எடைபோட நம்மிடம் தராசு இல்லை.

தூரத்தை அளந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மலையடிவாரத்து லாட்ஜில் தங்குகிறவர் இரண்டு நாளும் நடந்தேதான் திரிகிறார். ஆனால் இங்கே வர 200 கிலோமீட்டர் காரில் வந்திருக்கிறார். அந்தத் தூரத்தை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? தாமதமும் பொய்யான துன்பமல்ல. பிரசவ வலியோடு ஒரு பெண் ஆம்புலன்ஸில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் அந்த வினாடிகள் ஒவ்வொன்றும் உயிர். நான் கேட்பதெல்லாம், காருக்குள் இருப்பவரின் வினாடியை எண்ணுகிறவர்கள், பூக்கூடையோடு சாலையைக் கடக்க முடியாமல் ஓரத்தில் நிற்கும் கிழவியின் வினாடியையும் எண்ண வேண்டும் என்பதுதான். அவளும் தாமதப்படுகிறாள். அவள் நிற்பதை எந்தக் கருவியும் பதிவு செய்வதில்லை.

கார்த்திகை தீபத்தன்று இந்த ஊர் வழி காட்டிவிடுகிறது. வெளியூர் பஸ்களை ஊர் ஓரத்தில் தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிட்டுச் சாலையை நடப்பவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். அன்று யாருடைய தாமதம் முக்கியம் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. அதன் அலுவலகத்தில் ஒரு பேரேடு திறக்கட்டும். பெரிய கட்டடமோ சிறிய லாட்ஜோ, அனுமதி கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் உங்கள் விருந்தாளிகள் எதில் வருவார்கள், எவ்வளவு தூரம் ஓட்டுவார்கள், எங்கே நடப்பார்கள் என்று கேட்டு எழுதட்டும். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்து அந்தத் தொகையை ஊரார் முன்னால் படிக்கட்டும். என் நண்பருக்குத் தம் பங்கு எவ்வளவு சிறியது என்பது அப்போதும் தெரியும். ஆனால் எதனுடைய பங்கு என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.