கேட்டு எடுத்த முகம்

முன்பின் தெரியாத ஒருவரை நீள லென்ஸ் போட்டு, எதிர்ச்சாரியில் நின்றபடி அவருக்கே தெரியாமல் படம் எடுத்துவிடலாம். 35 எம்எம் லென்ஸில் அது நடக்காது. முகம் நிறைவாக விழ வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்துக்குப் போயாக வேண்டும். அவ்வளவு அருகில் போனபின் பேசாமல் இருக்க முடியாது. அதனாலேயே அந்த லென்ஸ் எனக்குப் பிடிக்கும்.

சென்னை காசிமேட்டில் விடிகாலையில் ஏலம் எடுத்த மீனோடு பெண்கள் வியாபாரத்துக்கு உட்காருவார்கள். போணி ஆகும்வரை அவர்கள் முன் கேமராவை நீட்டக் கூடாது. முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகு கேட்டால், "எதுக்குத் தம்பி, பேப்பர்ல போடுவியா?" என்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னதும் ஓர் அக்கா கத்தியைக் கழுவி வைத்தார், முந்தானையால் முகம் துடைத்தார், "இப்ப எடு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவரே முடிவுசெய்த படம் அது. ஒளிந்து நின்று எடுப்பவருக்கு அது வாய்க்காது.

பெயர்கூடக் கேட்காமல் எடுத்த படமும் உண்டு. 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் புகைப்படக் கலைஞர் டாரதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தின் முகமாகவே அந்தப் படம் ஆகிப்போனது. அது பத்திரிகைக்குப் போனதும் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டது. பெயரைக் கேட்கவில்லை என்று லாங்கே பிற்பாடு எழுதினார். அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார் அந்த அம்மா. லாங்கேயின் இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நல்ல நோக்கம் இருந்தும் படத்துக்கு உரியவர் வெறுங்கையோடு நிற்கலாம் என்பதை அந்த வார்த்தை சொல்கிறது.

சிரித்துப் பேசிச் சம்மதம் வாங்குவதோடு நம்பிக்கை முடிந்துவிடுவதில்லை. எடுத்த பிறகு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் அது நிற்கிறது. கேமராவின் திரையில் காட்டும்போது படத்தில் இருப்பவர் "வேணாம்பா" என்றால், எவ்வளவு நல்ல படமானாலும் அவர் கண்ணெதிரே அழித்துவிட வேண்டும்.

கேமராவோடு தெருவில் இறங்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவர் பெயரைக் கேளுங்கள். பிரிண்ட் தருவதாகச் சொன்னால் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். தர முடியாதென்றால் தருவதாகச் சொல்லாதீர்கள். உங்களுக்குப் பின்னால் அந்தத் தெருவுக்கு வருகிறவரையும் அவர்கள் நம்ப வேண்டும்.